மேசைமேல் ஒரு வாளிக் கடல்

கடல்மீன் தொட்டி என்றதும் ஆளுயரக் கண்ணாடிச் சுவர்களும் அவற்றுக்குப் பின்னால் நீந்தும் சுறாக்களுமே பலருக்கு நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசப்போவது அதுவன்று. ஓர் அலுவலக மேசையின் ஓரத்தில், கோப்புகளுக்கும் தொலைபேசிக்கும் நடுவே வைக்கக்கூடிய 20 லிட்டர் கடலைப் பற்றி. இரண்டு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வாளிக்குள் வேதியியலும் இயற்பியலும் உயிரியலும் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று பிசகினாலும் ஓர் உயிர் போகும்.

இதை மணவாளக்குறிச்சியில் வைத்துப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே உள்ள ஊர் இது. டில்லியில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புகிறவர் கடல் உப்புக் கலவையை விலைகொடுத்து வாங்கவேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. நீரும் பக்கத்தில், மணலும் பக்கத்தில், உயிர்களும் பக்கத்தில். ஆயினும் இம்மூன்றையும் யோசியாமல் அள்ளி வந்துவிடக் கூடாது. ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் மணல்

மணவாளக்குறிச்சி என்றாலே மணல்தான் பெயர் பெற்றது. சின்னவிளை, பெரியவிளைக் கரைகளில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் மணல் பல இடங்களில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு, இல்மனைட் என்னும் கனிமம். இரும்பும் டைட்டேனியமும் ஆக்ஸிஜனோடு சேர்ந்தது. செந்நிறத் துகள்கள் கார்னெட். நிறமற்றுப் பளபளப்பவை சிர்க்கான். தேன் நிறத்தில், குறைந்த அளவில் கலந்திருப்பது மோனசைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் காலங்காலமாகச் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, அலைகள் இலேசான மணலை அடித்துச் சென்று கனமானதை மட்டும் கரையில் விட்டுவைத்ததால் உண்டான சேமிப்பு இது. சாதாரண வெண்மணலின் ஒப்படர்த்தி சுமார் 2.65, இல்மனைட், மோனசைட் இவற்றுக்கு அது 5-ஐ ஒட்டி வரும். முறத்தில் புடைத்தால் பதரும் அரிசியும் பிரிவதுபோலத்தான் அலையும் பிரிக்கிறது.

ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் 1909-இல் மோனசைட்டைக் கண்டார். அக்காலத்தில் எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. அந்தத் தோரியம் மோனசைட்டில் இருந்தது. அவர் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. 1910-இல் இங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் பிற்பாடு இதை ஏற்றுக்கொண்டது. ஈர்ப்பு, காந்தம், மின்புலம் ஆகிய மூன்றையும் கொண்டு ஒரே மணலை அங்கே பல மணல்களாகப் பிரிக்கிறார்கள். இதையே தனிக் கட்டுரையாக எழுதலாம். நாம் தொட்டிக்கு வருவோம்.

இந்தக் கருமணலைத் தொட்டியின் அடியில் பரப்பினால் வண்ண மீன்கள் எடுப்பாகத் தெரியுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். மோனசைட்டில் ஏறத்தாழ 9 விழுக்காடு தோரியம் ஆக்ஸைடு உண்டு. அது கதிரியக்கம் உடையது. கரையில் நடப்பதாலோ ஒருபிடி மணலைக் கையில் எடுத்துப் பார்ப்பதாலோ அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் உட்காரும் நாற்காலிக்கு அருகில், தேவையே இல்லாமல், அதை ஏன் கொண்டுவந்து வைக்கவேண்டும்? மேலும் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். இன்னொரு காரணமும் உண்டு. இது மிக நுண்ணிய மணல். நெருக்கமாகப் படிந்துகொள்ளும், அதனூடே நீர் ஓடாது. நீர் ஓடாத இடத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு மீனுக்கு நஞ்சு.

அப்படியானால் என்ன போடுவது? கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்து, அரிசி அளவுக்கு நொறுக்கி இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மேலே பழைய நாட்டு ஓட்டின் துண்டுகளை அடுக்குங்கள். வண்ணம் பூசாததாக இருக்கவேண்டும். ஓட்டில் உள்ள நுண்துளைகளுக்குப் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. அதைப் பிறகு காண்போம்.

நீர் எங்கே எடுப்பது?

வள்ளியாறு கடியப்பட்டணம் அருகே கடலில் கலக்கிறது. அந்த முகத்தில் எடுத்த நீர் கடல்நீரும் அன்று, ஆற்றுநீரும் அன்று. ஊர்க் கழிவும் அதில் இருக்கும். மழை பெய்த மறுநாளும் கரையோர நீர் நீர்த்துப்போயிருக்கும். வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் மீனவர் ஒருவரிடம் சொல்லிவைத்தால், கரையை விட்டு விலகிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் நிறைய மொண்டு வருவார். அதுவே சிறந்தது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக் கடல் கொந்தளிக்கும்போது முட்டம் பாறைகளில் வாளியோடு இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். அம்மாதங்களுக்கு வேண்டிய நீரை மே மாதத்திலேயே சேமித்துவிடுங்கள்.

கொண்டுவந்த நீரை மூடிய கேனில் இருட்டில் இரண்டு வாரம் வைத்திருங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்து அடியில் படியும். தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 'உப்பு' என்று சொல்லாமல் 'உப்புகள்' என்றது ஏன்? அந்த 35 கிராமில் குளோரைடு சுமார் 19.3, சோடியம் 10.8, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். 'சேலஞ்சர்' என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலார் பகுத்துப் பார்த்தார். 1884-இல் வெளியான அவர் முடிவு வியப்பானது. உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் சற்று மாறினாலும், அதிலுள்ள முக்கிய அயனிகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை.

கடைச் சமையலுப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்ய முடியாது என்பதற்கும் இதுவே காரணம். நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சேர்மங்களும் ஜிப்சமும் படிகின்றன. அதன்பின் சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் மிச்சமுள்ள கசப்பு நீரில் தங்கிவிடும். அந்நீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். ஆகவே நம் வீட்டுக்கு வருவது கடலின் ஒரு பகுதி மட்டுமே. அதைத் திரும்பக் கரைத்தால் மீன் பிழைக்காது.

கண்ணாடியில் ஒரு கோடு

சிறு தொட்டி வைத்தவர்களில் பலர் தோற்பது மீன் விஷயத்தில் அன்று, ஆவியாதலில்தான். இதைக் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். 30 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 27 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கிறது. அதன் கனஅளவு சுமார் 20 லிட்டர். மேற்பரப்பு 750 சதுர செ.மீ. மின்விசிறி சுழலும் அறையில் நாளொன்றுக்கு 3 மி.மீ. நீர் ஆவியாவதாகக் கொள்வோம். இழப்பு 225 மி.லி., அதாவது 1.1 விழுக்காடு. இதே அறையில் ஒரு மீட்டர்க் கனச்சதுரத் தொட்டி இருந்தால் அதன் இழப்பு 3 லிட்டர். கேட்க அதிகமாகத் தோன்றினாலும், 1000 லிட்டரில் அது 0.3 விழுக்காடுதான். பெரிய கடல் மெதுவாக மாறும், சிறிய கடல் விரைவாக மாறும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

நீர்தான் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. ஆகவே குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்பவேண்டும். 'கடல் தொட்டிதானே' என்று கடல்நீரையே ஊற்றினால் என்ன ஆகும்? தொடக்கத்தில் 20 லிட்டரில் உப்பு சுமார் 700 கிராம். வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் கடல்நீரால் நிரப்பினால், நான்கு வாரத்தில் 6 லிட்டர். அதோடு 210 கிராம் உப்பு கூடுதலாக வந்து சேரும். இப்போது 910 கிராம். லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 45-ஐத் தாண்டிவிட்டது! கடலில் தலைமுறை தலைமுறையாக 35-லேயே வாழ்ந்த மீனின் உடலிலிருந்து நீர் சவ்வூடு பரவல் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரே மாதத்தில், கண்ணுக்கு எந்தக் குற்றமும் தெரியாத தெளிந்த நீரில் அது மடிந்துபோகும்.

உப்புத்தன்மையை அறிய நீர்மானி வாங்கலாம். ஒரு முனையில் களிமண் அடைத்த உறிஞ்சுகுழலை மிதக்கவிட்டு நீங்களே ஒன்று செய்தும் பார்க்கலாம். நன்னீரில் 15 செ.மீ. மூழ்கும் குழல் கடல்நீரில் சுமார் 14.6 செ.மீ. மூழ்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் புரிய இது நல்ல சோதனை. ஆனால் 35-க்கும் 39-க்கும் உள்ள வேறுபாடு இக்குழலில் அரை மில்லிமீட்டர்கூட வராது. இதை நம்பித் தொட்டி நடத்தமுடியாது. என்னைக் கேட்டால், எந்தக் கருவியையும்விட நம்பகமானது தொட்டி நிறைந்த நாளன்று கண்ணாடியின் வெளிப்புறம் மையால் இழுத்த ஒரு கோடுதான். காலையில் வந்ததும் நீர்மட்டம் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் காய்ச்சி ஆறவைத்த நன்னீரை மெல்ல ஊற்றுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கலாம். அதனால்தான் காய்ச்சச் சொல்வது. ஆவியாதல் குறையக் கண்ணாடி மூடி ஒன்று போடுங்கள். காற்று போகச் சிறு இடைவெளி இருக்கட்டும். மூடி இல்லாவிட்டால் உப்புத் துளி தெறித்து, பக்கத்துக் கோப்பின் கிளிப்பு முதல் கணிப்பொறி வரை துருப்பிடிக்கும். அதன்பின் அலுவலகத்தில் தொட்டிக்கு இடமிருக்காது.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

இனி நாட்டு ஓட்டின் வேலைக்கு வருவோம். மீன் தின்கிறது, கழிக்கிறது. செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. நன்னீர்த் தொட்டியிலும் இது உண்டுதான். ஆனால் கடல்நீரில் ஆபத்து அதிகம். கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.2-ஐ ஒட்டியிருக்கும். காரத்தன்மை கூடக்கூட, தீங்கு குறைந்த அம்மோனியம் அயனி நஞ்சான அம்மோனியாவாக மாறும் பங்கு கூடும். பி.எச். 7 உள்ள நீரோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்குக்கும் மேல்.

இந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஒட்டிக்கொள்ளப் பரப்பும், ஆக்ஸிஜன் நிறைந்த ஓடும் நீரும் வேண்டும். ஓட்டின் நுண்துளைகளும் கிளிஞ்சலின் இடுக்குகளும்தாம் அவற்றின் குடியிருப்பு. ஆனால் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே தொட்டியில் நீர் நிரப்பி, காற்றூட்டும் பம்பை ஓடவிட்டு, உயிர் எதையும் விடாமல் சிறு துண்டு மீனை மட்டும் இட்டு அழுகவிடவேண்டும். மீன்தொட்டிக் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் நிறச் சோதனைக் குப்பிகள் கிடைக்கும். வாரம் இருமுறை சோதித்து வரைபடம் வரையுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறி, பின் அதுவும் இறங்கும். இரண்டும் பூஜ்யத்தைத் தொட்ட பின்னரே மீன். 'வெறும் தண்ணீரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?' என்று அலுவலகத்தார் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே மீன் விடுகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் அதை எடுத்துப் புதைக்க நேரிடும்.

சேரும் நைட்ரேட்டை நீக்க, வாரந்தோறும் 2 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டு 2 லிட்டர் புதிய கடல்நீர் ஊற்றுங்கள். இது முன் சொன்ன நன்னீர் நிரப்புதலுக்கு மேற்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆவியாய்ப் போனதற்கு நன்னீர், கையால் எடுத்ததற்குக் கடல்நீர்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். 28 பாகையில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரையும் ஆக்ஸிஜன் சுமார் 6.4 மில்லிகிராம், நன்னீரில் அது 7.8. நம் 20 லிட்டரில் உள்ள மொத்த ஆக்ஸிஜனின் எடை ஆறேழு அரிசி மணிகளின் எடைதான். 1846-இல் இங்கிலாந்தில் அன்னா தைன் என்ற பெண்மணி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். பம்பு இல்லாத காலம். திறந்த சன்னலருகே நாள்தோறும் அரைமணிக்கு மேல் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றி ஆற்றிக் காற்றூட்டினார்கள். நம் ஊரில் தேநீர் ஆற்றுவதுபோலத்தான்! அவை ஆண்டுக்கணக்கில் உயிர் பிழைத்தன. மின்சாரம் நிற்கும்போது நீங்களும் இதைச் செய்யலாம். இரவுக்கும் விடுமுறைக்கும் பாட்டரியில் ஓடும் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

யாரைக் குடியேற்றுவது?

கடைகளில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. அதைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும், இதே கரையில் மேற்கே உள்ள விழிஞ்சத்திலும் உருவாக்கியுள்ளனர். ஆனாலும் 20 லிட்டர் அதற்குப் போதாது. பவளத்திட்டு மீன்கள் வெப்பமும் உப்பும் மாறாத நீருக்குப் பழகியவை.

நம் தொட்டி உண்மையில் கடலைப் போன்றதே அன்று. அது முட்டம் பாறைகளின் இடுக்கில் வற்றத்தின்போது தேங்கி நிற்கும் குட்டையைப் போன்றது. அக்குட்டை நடுப்பகலில் சூடாகும், மழையில் நீர்த்துப்போகும், வெயிலில் உப்பேறும். அங்கே பிழைக்கும் உயிர்கள் இந்த மாற்றங்களுக்குப் பழகியவை. பகலில் குளிர்சாதனம் ஓடி இரவில் நின்றுவிடும் ஓர் அலுவலகத்தில் வாழத் தகுதி பெற்றவை அவையே.

ஆகவே என் தேர்வு இது: இரண்டு சிறு துறவி நண்டுகள், மூன்று கடல் நத்தைகள், விரல் நீளமும் இல்லாத உளுவை மீன் ஒன்று, ஒரு பிடி பச்சைக் கடற்பாசி. இதற்குமேல் வேண்டாம். கல்லில் ஒட்டிய சிப்பியைக் கொண்டுவர ஆசை எழும். இப்பக்கத்துப் பாறைகளில் அது ஏராளம். ஆனால் அது நீரை வடித்து மிதவை உயிர்களைத் தின்பது. நம் தெளிந்த நீரில் பட்டினி கிடந்து, மூடிய ஓட்டுக்குள் இறந்து, நமக்குத் தெரியுமுன் நீரையே கெடுத்துவிடும். பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவற்றைத் தொடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. இறந்த பவளக் கல்லையும் பெயர்க்காதீர்கள்.

துறவி நண்டுக்கு மென்மையான வயிறு; அதைக் காலி நத்தைக் கூட்டுக்குள் நுழைத்துக்கொண்டு கூட்டையே சுமந்து திரியும். வளர்ந்தால் பெரிய கூடு வேண்டும். வெவ்வேறு அளவிலும் வடிவிலும் ஐந்தாறு காலிக் கூடுகளைத் தொட்டியில் போட்டுவைத்துக் கவனியுங்கள். நண்டு ஒவ்வொன்றாக அணுகி, உருட்டி, இடுக்கியை உள்ளே விட்டு அளந்து பார்க்கும். பிறகு ஒரு கணத்தில் பழைய கூட்டிலிருந்து புதியதற்குத் தாவும். சில சமயம் பிடிக்காமல் பழையதற்கே திரும்பிவிடும், துணிக்கடையில் நம்மவர்கள் செய்வதுபோல! எந்த அளவுக் கூட்டை எத்தனை முறை தேர்ந்தது என்று குறித்துவந்தால் அதுவே ஓர் ஆராய்ச்சி.

அலுவலகத்துக்கே உரிய ஆபத்துகள்

கொசுவிரட்டி முதலாவது. சுருளிலும் திரவத்திலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதரைவிட மீனையும் நண்டையும் பன்மடங்கு தாக்கும். காற்றூட்டும் பம்பு அறைக் காற்றை இழுத்து நேரே நீருக்குள் செலுத்துகிறது என்பதை மறவாதீர்கள். தரை துடைக்கும் பினாயில் கையோடு தொட்டியைத் தொடுவதும் அப்படியே. செம்புக் கம்பி, பித்தளைத் துண்டு எதுவும் நீரில் படக்கூடாது; நண்டு, நத்தை இனங்களுக்குச் செம்பு கடும் நஞ்சு.

அடுத்தது அன்பு. வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை இரை போட்டால், நம் பாக்டீரியாக்களால் சமாளிக்க முடியாது. இரை போடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் முன்பே முடிவாகட்டும். நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும். சனி, ஞாயிறு இரை இல்லாவிட்டால் மீன் சாகாது. நீரும் ஓட்டுத்துண்டும் கண்ணாடியும் சேர்ந்து 30 கிலோகிராம் வரை ஆகும். தட்டு மேசை தாங்காது. மின்கம்பி தொட்டியிலிருந்து நேரே பொருத்தியில் ஏறாமல் ஒருமுறை கீழே தொங்கி மேலே போகட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பொங்கல் விடுமுறையில் ஐந்து நாள் அலுவலகம் பூட்டியிருந்தால் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியாகும். உப்பு 35-இலிருந்து 37-க்கு ஏறும். பாறைக்குட்டை உயிர்கள் இதைத் தாங்கும். திறந்த அன்று காலையில் பதற்றப்பட்டு முழு நன்னீரையும் ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். காலையில் பாதி, மாலையில் பாதி. முதலில் நண்டுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் மேசைக்கு அடியிலும் பாருங்கள்; மூடியின் இடைவெளி வழியே ஏறிவந்து கோப்புகளுக்கிடையே உலவும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.